பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை: ஆராய்ச்சி நம் வாசலுக்கு வரும் வழி



பிறந்து மூன்று நாளான குழந்தையைப் பார்க்கத் தாதி வீட்டுக்கு வருகிறார். நம் வழக்கில் 'மிஸ்ஸி'. குழந்தையைச் சன்னலோரம் கொண்டுபோய், மூக்கு நுனியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பார்க்கிறார். பிறகு மூன்று செய்திகளைச் சொல்கிறார். "குழந்தைக்கு வெயில் காட்டாதீர்கள். அந்துருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தாதீர்கள். நாளைக் காலையில் கிளினிக்குக்குக் கொண்டு வந்துவிடுங்கள்." அவர் படியிறங்கிப் போனதும் வீட்டில் பேச்சு எழும்புகிறது. "நாங்களெல்லாம் இளவெயில் காட்டித்தானே பிள்ளைகளை வளர்த்தோம்? அப்போது இல்லாத சட்டம் இப்போது எங்கிருந்து வந்தது?" என்று பாட்டி கேட்கிறார்.

பாட்டி கேட்பது நியாயமான கேள்விதான். மிஸ்ஸி சொன்னது அவருடைய சொந்த அபிப்பிராயமன்று. மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் இன்ன நோய்க்கு இன்னபடி செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குச் சிகிச்சை வழிகாட்டி என்று பெயர். அந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு நீண்ட கதை உண்டு. இன்றைய பேச்சில் அப்படி ஒரு கதையைத்தான் சொல்லப்போகிறோம். பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலையைப் பற்றிய ஆராய்ச்சி எங்கே தொடங்கியது, எப்படி வளர்ந்தது, நம் வீட்டு வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பார்ப்போம்.

முதலில் இந்த மஞ்சள் நிறம் எதனால் வருகிறது? சிலர், தாய் மஞ்சள் பூசிக் குளித்ததால் என்பார்கள். சிலர், பரங்கிக்காய் தின்றதால் என்பார்கள். இரண்டும் காரணமன்று. நம் இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. அவை பழையனவாகி உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. அதை நம் கல்லீரல் பக்குவப்படுத்தி, மலத்தோடு வெளியே அனுப்பிவிடும். பிறந்த குழந்தைக்குச் சிவப்பு அணுக்கள் அதிகம். அவை உடைவதும் விரைவு. கல்லீரலோ இன்னும் முழுமையாக வேலை பழகவில்லை. ஆகவே மஞ்சள் தேங்கி நிற்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கும் முதல் வாரத்தில் இது காணப்படும். பெரும்பாலானவர்களுக்குத் தானே வடிந்துவிடும்.

தானே வடிந்துவிடும் என்றால் எதற்காக இத்தனை கவலை? சில குழந்தைகளுக்கு அது வடியாமல் ஏறிக்கொண்டே போகும் என்பதுதான் காரணம். ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த மஞ்சள் பொருள் மூளைக்குள் புகுந்து தங்கிவிடும். மூளையில் படிந்த சேதத்தைப் பிறகு எந்த மருந்தாலும் திருத்த முடியாது. சில குழந்தைகள் இறந்துவிடும். பிழைத்த குழந்தைகளில் பலருக்குக் காது கேட்காது. கை கால்கள் தம் வசத்தில் நில்லாமல் முறுக்கிக்கொள்ளும். பிறக்கும்போது நல்ல சுகத்தோடு பிறந்த குழந்தை, ஒரே வாரத்துக்குள் ஆயுள் முழுவதற்கும் ஊனமாகிவிடக்கூடும். அதே நேரத்தில், காலத்தோடு கவனித்தால் ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடக்கூடிய ஊனம் இது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்களிடம் இதற்கு இருந்த பெரிய வைத்தியம் ஒன்றுதான். குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்றுவார்கள். இரத்த மாற்று என்று அதற்குப் பெயர். கடினமான வேலை; ஆபத்தும் உண்டு. வேறு வழி காட்டியவர் பெரிய பேராசிரியர் யாருமல்லர், நேயர்களே. ஒரு தாதிதான் காட்டினார்.

இங்கிலாந்தில் எசெக்ஸ் என்ற பகுதியில் ரோச்ஃபோர்டு என்னும் ஊர் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் வார்டு என்ற மூத்த தாதி. நல்ல காற்றும் வெளிச்சமும் குழந்தைகளுக்கு நல்லது என்பது அவருடைய எண்ணம். வெயில் அடிக்கும் நாள்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய் வைப்பார். 1956ஆம் ஆண்டில் ஒரு நாள், மருத்துவர்கள் வந்தபோது ஒரு குழந்தையின் உடம்பைத் திறந்து காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் முக்கோண வடிவில் நல்ல மஞ்சள் நிறம் தெரிந்தது. ஏதாவது மருந்து பூசினீர்களா என்று கேட்டார்கள். இல்லை, போர்வையின் முனை மறைத்திருந்த இடம் அது என்று அவர் விளக்கினார். வெயில் பட்ட இடம் வெளுத்தது. படாத இடம் மஞ்சளாகவே நின்றது.

சில வாரங்கள் கழித்து இன்னொன்று நடந்தது. மஞ்சள் காமாலைக் குழந்தை ஒன்றின் இரத்தத்தைச் சோதனைக்கு எடுத்த குழாய், சன்னலோரம் வெயிலில் இருந்துவிட்டது. சோதித்தபோது பிலிரூபின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. ஆக, வெளிச்சம் இந்தப் பொருளை மாற்றுகிறது என்பது தெளிவாயிற்று. அங்கே இருந்த கிரெமர் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் நீல ஒளிக் குழல்விளக்குகளைத் தொட்டிலின் மேல் பொருத்திப் பார்த்து, 1958இல் அதன் பலனை மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் நாம் காணும் நீல விளக்குச் சிகிச்சையின் பிறப்பு இதுதான்.

இதைக் கேட்டதும் நம் பாட்டிமார்களுக்கு ஒரு சந்தோஷம் வரும். "பார்த்தாயா, வெயில் நல்லது என்று நாங்கள் அப்போதே சொன்னோமே!" அவர்கள் சொன்னதில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஒளியில் மருந்து உண்டு. ஆனால் அந்த மருந்தை எவ்வளவு, எப்படி, எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காலையில் பத்து நிமிட இளவெயிலில் கிடைப்பது மிகவும் கொஞ்சம். ஏறிக்கொண்டிருக்கும் மஞ்சளை அது இறக்காது. அதிக நேரம் காட்டினாலோ, பச்சைக் குழந்தையின் தோல் பொசுங்கும். உடம்பில் நீர் வற்றும். நீர் வற்றினால் மஞ்சள் இன்னும் ஏறும். மேகம் மறைத்தால் மருந்து நின்றுவிடும். மழை வந்தால் மருந்தே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, வெயில் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் கிளினிக்குக்குப் போகாமல் இரண்டு நாளைக் கழித்துவிடுவதுதான். அந்த இரண்டு நாள்தான் குழந்தையின் மூளையைக் காப்பாற்றக் கிடைத்த நாள்.

விளக்கில் இந்தக் குறைகள் இல்லை. தேவையான நீல ஒளியை மட்டும், ஒரே அளவாக, இரவும் பகலும் பல மணி நேரம் கொடுக்க முடிகிறது. அந்த ஒளி தோலின் வழியே போய், கல்லீரலின் துணை அதிகம் இல்லாமலே பிலிரூபின் வெளியேறும்படி அதன் உருவத்தை மாற்றிவிடுகிறது.

ஆனால் ஒரு மருத்துவமனையில் பலன் கிடைத்தது என்பதை வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் உடனே மாறிவிடலாமா? இதைத் தோட்டத்து மக்களாகிய நமக்கு விளக்குவது சுலபம். 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைப் பற்றி நம் முந்தைய தலைமுறையினர் நன்றாக அறிவார்கள். சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்தது. அந்தக் கழகத்தின் பெயரையும் 600 என்ற எண்ணையும் தாங்கிய மர வகையை நம்மில் எத்தனையோ பேர் வெட்டியிருக்கிறோம். ஒரு மரத்தில் ஒரு நாள் பால் நிறைய வடிந்தது என்பதற்காக எல்லாத் தோட்டங்களிலும் அந்த வகையை நடச் சொல்வார்களா? மாட்டார்கள். ஒரே மாதிரி நிலத்தில், இந்த வகையையும் அந்த வகையையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, ஆண்டுக்கணக்கில் பாலை நிறுத்துப் பார்த்து ஒப்பிட்ட பிறகே சொல்வார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மருத்துவத்திலும் அப்படித்தான். ஒரே மாதிரியான குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புதிய சிகிச்சையும் மறு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பும் கொடுத்து ஒப்பிடுவார்கள். எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்யமாட்டார். கோயிலில் திருவுளச்சீட்டுப் போடுவதைப் போல, யார் கையும் படாமல் அது தீர்மானிக்கப்படும். அப்படிச் செய்தால்தான், திடமான குழந்தைகளை ஒரு பக்கமும் நலிந்த குழந்தைகளை மறு பக்கமும் தள்ளிவிடுகிற தவறு நேராது. பெற்றோரின் சம்மதமும் வேண்டும். நீல விளக்கை இவ்வாறு 1968இல் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் லூசி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் நூற்றுக்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். பின்னர் ஆறு மருத்துவமனைகளில் 1,339 குழந்தைகளிடம் பெரிய அளவில் செய்த ஆய்வின் முடிவு 1985இல் வெளியாயிற்று. விளக்குச் சிகிச்சையால் இரத்த மாற்றின் தேவை வெகுவாகக் குறைகிறது என்பது உறுதிப்பட்டது. 1956இல் ஒரு தாதியின் கண்ணில் பட்டது உறுதியான உண்மையாக நிலைபெற ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஆராய்ச்சி முடிந்துவிட்டால் போதுமா? அதுவும் போதாது. பிரசவ உலகிலேயே இதற்கு வேதனையான உதாரணம் ஒன்று உண்டு. குறைமாதத்தில் பிரசவம் ஆகப்போகிற தாய்க்கு ஒருவகை ஸ்டீராய்டு ஊசி போட்டால், குழந்தையின் நுரையீரல் விரைவில் பக்குவமடையும் என்று 1972இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். மற்ற நாடுகளிலும் ஆய்வுகள் நடந்தன. ஆனால் ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வோர் இதழில் தனித்தனியாகக் கிடந்தது. அமெரிக்காவில் நிபுணர்கள் கூடி, இந்த ஊசியைப் பரவலாகப் போட வேண்டும் என்று தீர்மானித்த ஆண்டு 1994. இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள்! அறிவு இருந்தும் அது கைக்கு வராததால் மூச்சுத் திணறி மாண்ட குழந்தைகள் எத்தனை எத்தனை!

இந்தக் குறையைப் போக்கத்தான் இங்கிலாந்து மருத்துவர் இயன் சாமர்ஸ் முதலியோர் உலகமெங்கும் நடந்த ஆய்வுகளைத் தேடித் திரட்டி, எடைபோட்டு, ஒரே இடத்தில் தரும் பணியைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட துறையே கர்ப்பமும் பிரசவமும்தான். அந்தப் பணி 1993இல் காக்ரேன் என்ற பெயரில் உலக அமைப்பாக வளர்ந்தது. எடைபோடுவது என்றால் என்ன? பால் கொட்டகையில் வாளியை அளப்பதோடு கிராணி விட்டுவிடுவாரா? பாலில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரப்பர் என்று அளவுக்கோல் போட்டுப் பார்ப்பார் அல்லவா? அதைப்போல, ஆய்வுகள் எத்தனை என்பதோடு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்றும் பார்க்கிறார்கள்.

இனி, மிஸ்ஸி சொன்ன இரண்டாவது செய்திக்கு வருவோம். அந்துருண்டைக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?

இதன் கதை நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரில் நடந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அங்கே மூளையைத் தாக்கும் மஞ்சள் காமாலையால் பல சிசுக்கள் மாண்டன. குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹோக் பூனும் அவருடன் உழைத்தவர்களும் காரணத்தைத் தேடினார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்கு ஜி6பிடி என்ற பொருள் இரத்தத்தில் குறைவாக இருந்தது தெரிய வந்தது. சிவப்பு அணு உடையாமல் காக்கும் கவசம் போன்றது ஜி6பிடி. அது குறைந்த குழந்தையிடம் சில பொருள்கள் பட்டால் அணுக்கள் கொத்துக் கொத்தாக உடையும்; மஞ்சள் திடீரென்று ஏறும். அந்தப் பொருள்களில் முக்கியமான ஒன்று நாஃப்தலீன். நாம் அந்துருண்டை, பாச்சை உருண்டை என்கிறோம். மலாய்க்காரர்கள் 'உபாட் கெகாட்' என்கிறார்கள். சில மூலிகை மருந்துகளின் மேலும் அவர்களுக்குச் சந்தேகம் இருந்தது.

எனவே 1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஜி6பிடி சோதனை செய்யத் தொடங்கினார்கள். குறைவு உள்ள குழந்தைகளை மருத்துவமனையிலேயே வைத்துக் கவனித்தார்கள். மூளையைத் தாக்கும் மஞ்சள் காமாலை அங்கே மிகவும் அரிதாகிவிட்டது. மலேசியாவிலும் பின்னர் இந்தச் சோதனை வழக்கத்துக்கு வந்தது. பிரசவமானதும் கொடியிலிருந்து சிறிது இரத்தம் எடுப்பது இதற்காகத்தான். அதனால் குழந்தைக்கு வலியும் இல்லை, இரத்தக் குறைவும் இல்லை. ஜி6பிடி குறைவு எல்லா இனத்தாரிடமும் உண்டு. தாய் வழியாக வருவது. ஆண் குழந்தைகளுக்கே அதிகம்.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? மூத்த பிள்ளையின் சட்டை, பழைய சேலை, தொட்டில் துணி ஆகியவற்றை அந்துருண்டை போட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். அடுத்த குழந்தை பிறந்ததும் அப்படியே எடுத்து உடுத்துகிறோம். அதற்கு முன் உடம்புக்கு எண்ணெயும் தேய்த்திருப்போம். நாஃப்தலீன் மூச்சோடு மட்டுமல்லாமல் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் இன்னும் எளிதாக ஏறும். ஆகவே குழந்தை பிறக்கப்போகும் வீட்டில் அந்துருண்டையே வேண்டாம் என்பதுதான் சரி. சோதனை முடிவு தெரியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

நேயர்களே, இப்படி உலகின் பல மூலைகளிலிருந்து வந்த உண்மைகளை ஒன்றாகச் சேர்த்து, நம் நாட்டுக்கு ஏற்றபடி எழுதுவதே சிகிச்சை வழிகாட்டி. மலேசியச் சுகாதார அமைச்சு பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு அப்படி ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2014இல் வந்தது. பல துறையினர் அடங்கிய குழு உட்கார்ந்து ஆய்வுகளைப் படித்து, எந்த வரிக்கு எவ்வளவு உறுதியான ஆதாரம் உண்டு என்றும் குறித்து வைக்கிறார்கள். வெயில் காட்டும் பழக்கம் கூடாது என்பதும் அதில் உண்டு.

நம் நாட்டுக்கு ஏற்றபடி என்று சொன்னோம். அது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். நைஜீரியா நாட்டின் லாகோஸ் நகரில், மின்சாரம் அடிக்கடி நின்றுபோவதால் விளக்குச் சிகிச்சைக்குத் தடை ஏற்பட்டது. ஆகவே கெடுதலான கதிர்களைத் தடுத்து நீல ஒளியை விடுகிற விசேஷத் தாளால் பந்தல் போட்டு, தாதியரின் இடைவிடாத கண்காணிப்பில் குழந்தைகளை அதன் கீழ் வைத்துச் சோதித்தார்கள். மஞ்சள் மிகக் கடுமையாகாத குழந்தைகளுக்கு அது மின்விளக்குக்குக் குறைந்ததன்று என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. வெயிலையே பயன்படுத்தினாலும் வடிகட்டி, அளந்து, காவல் இருந்துதான் பயன்படுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் கிளினிக்கும் இருக்கிறது, மருத்துவமனையில் விளக்கும் இருக்கிறது. ஆகவே வாசல் வெயிலை நம்பி இருக்க வேண்டிய நிலை நமக்கு இல்லை.

வழிகாட்டி அச்சாகிவிட்டால் வேலை முடிந்ததா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? எழுதியது செயலாக வேண்டும். இந்த வேலையில் நம் பினாங்குக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஜோர்ஜ் டவுனில் 1996இல் பினாங்கு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்று அதற்கு வேறு பெயர். 2005 முதல் 2009 வரை மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளில் ஒன்பது மருத்துவமனைகளைக் கொண்டு ஒரு பெரிய திட்டம் நடந்தது. தாய்க்கும் சிசுவுக்கும் நன்மை என்று நிரூபணமான முறைகள் உண்மையிலேயே கையாளப்படுகின்றனவா என்று பார்ப்பது அதன் நோக்கம். அதில் இந்தக் கல்லூரியைச் சேர்ந்த குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஜாக்குலின் ஹோ முதலியோர் பங்கு கொண்டார்கள்.

முதலில் கணக்கெடுத்தபோது என்ன தெரிந்தது? ஒரு மருத்துவமனையில் செய்வதற்கும் இன்னொன்றில் செய்வதற்கும் பெருத்த வித்தியாசம் இருந்தது. குறைமாதப் பிரசவத்துக்கான ஊசியை ஓரிடத்தில் பலருக்கும் போட்டார்கள். வேறோரிடத்தில் சிலருக்கே போட்டார்கள். பிரசவத்தின்போது தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெட்டித் தைக்கும் வழக்கமும் அப்படியே இடத்துக்கு இடம் மாறியது. ஆகவே மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் ஆதாரங்களைத் தேடவும், எடைபோடவும், தங்கள் மருத்துவமனைக்கு வழிகாட்டி எழுதி நடைமுறைப்படுத்தவும் பயிற்சி கொடுத்தார்கள். படித்தவர்கள் நிறைந்த மருத்துவமனையிலேயே பழைய பழக்கம் மாறுவதற்குப் பயிற்சி தேவைப்படுகிறது என்றால், வீட்டில் நாம் கைவிடத் தயங்குவதில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் மாற வேண்டும். ஏனென்றால் இந்த நோயில் கடைசிக் கட்டம் நம் வீட்டிலேதான் நடக்கிறது.

அதை விளக்கிவிடுகிறோம். மஞ்சள் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சத்துக்கு ஏறும். சுகப்பிரசவமான தாயையும் குழந்தையையும் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே ஆபத்து வரும் நேரத்தில் குழந்தை மருத்துவர் கண்ணெதிரே இல்லை. நம் மடியில் இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மிஸ்ஸி வீடு தேடி வருகிறார். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தால், அந்த விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மிஸ்ஸி பூட்டிய வீட்டைத் தட்டிவிட்டுப் போக நேரும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். தினமும் காலையில் குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கொளியில் ஒன்றும் தெரியாது. நம் குழந்தைகள் மாநிறமாகவோ கறுப்பாகவோ இருப்பதால் தோலில் எளிதில் தெரியாது. கண்ணின் வெள்ளை, ஈறு இவற்றைப் பாருங்கள். மூக்கு நுனியையோ நெற்றியையோ மெல்ல அழுத்தி எடுத்தால் அந்த இடத்தில் மஞ்சள் தெரியும். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். ஆனால் கண்ணால் பார்த்து அளவைச் சொல்ல யாராலும் முடியாது. கருவியாலோ இரத்தச் சோதனையாலோதான் தெரியும். எனவே, "கொஞ்சந்தான் இருக்கிறது" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை. பால் குடித்து மலம் போனால்தான் மஞ்சள் வெளியேறும். சர்க்கரைத் தண்ணீரும் குளுக்கோஸ் தண்ணீரும் மஞ்சளை இறக்காது. வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைத்துவிடும். கீழாநெல்லிச் சாறு, உரைமருந்து எதையும் பச்சைக் குழந்தையின் வாயில் வைக்காதீர்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் உடனே போக வேண்டும். மஞ்சள் கால்வரை, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும், உடம்பு துவண்டாலும், கீச்சென்று அழுதாலும், முதுகை வில்லாக வளைத்தாலும் இரவென்றும் மழையென்றும் பார்க்காதீர்கள். இவற்றில் சில, மஞ்சள் மூளையைத் தொடுகிறது என்பதற்கு அடையாளம். செபராங் பிறைப் பக்கம் சுங்கை பக்காப், புக்கிட் மெர்தாஜாம், செபராங் ஜெயா ஆகிய இடங்களில் அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. தீவில் பினாங்கு பொது மருத்துவமனை இருக்கிறது. வாகனம் இல்லாவிட்டால் 999 என்ற எண்ணை அழையுங்கள். தோட்டத்து உட்பகுதியில் இருப்பவர்கள், இரவில் யாருடைய காரைக் கேட்பது என்பதைப் பிரசவத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பதினான்கு நாளுக்குப் பிறகும் மஞ்சள் நீடித்தால் திரும்பக் காட்டுங்கள். முக்கியமாக, மலம் சுண்ணாம்புபோல வெளுத்துப் போனால் அது கல்லீரலின் பித்தக் குழாய் அடைத்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. இரண்டு மாதம் முடிவதற்குள் செய்தால் பலன் அதிகம்.

நீல விளக்கைக் கண்டு பயப்படும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அது எக்ஸ்ரே அன்று. குழந்தையைச் சுடுவதும் இல்லை. கண்ணுக்கு ஒளி படாமல் இருக்கக் கண்ணைக் கட்டுகிறார்கள்; உடம்பில் ஒளி படுவதற்காகத் துணியைக் கழற்றுகிறார்கள். பால் கொடுக்க உங்களிடம் எடுத்துத் தருவார்கள். பிள்ளை அழுகிறதே என்று விளக்கிலிருந்து பாதியில் தூக்கி வந்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள்: "அளவு எவ்வளவு? நேற்றைக்கு எவ்வளவு? ஜி6பிடி முடிவு என்ன?" இந்த மூன்று கேள்வியையும் கேட்க எந்தத் தாய்க்கும் உரிமை உண்டு. பதிலைப் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ரோச்ஃபோர்டில் ஒரு தாதி, போர்வை மூடிய ஒரு சிறு முக்கோணத்தைக் கவனித்தார். சிங்கப்பூரில் மருத்துவர்கள் மாண்ட குழந்தைகளின் காரணத்தைத் தேடினார்கள். எத்தனையோ நாட்டுத் தாய்மார்கள் தங்கள் குழந்தைகளை ஆய்வுக்குச் சம்மதித்துக் கொடுத்தார்கள். இத்தனை பேருடைய உழைப்பும் ஒரு வழிகாட்டியாகி, கடலும் பாலமும் கடந்து, செம்மண் பாதை வழியாக நம் வீட்டுப் படி வரை வந்துவிட்டது. இனி அதைக் குழந்தையிடம் கொண்டு சேர்க்க வேண்டியவர்கள் நாம்தான். குழந்தை பிறக்கப்போகும் வீட்டில் உள்ளவர்கள் இன்றைக்கே துணிப்பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்துருண்டை இருந்தால் அப்புறப்படுத்துங்கள். துணிகளைத் துவைத்து, நன்றாக வெயிலில் காயப்போடுங்கள். அந்த வெயில் துணிக்கு நல்லது. குழந்தைக்கு மஞ்சள் தெரிந்தால் கிளினிக்குக்குப் போங்கள்.